காப்பியை வீட்டிலேயே வறுத்து விற்கலாம்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பகுதிகளில் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், பறித்த காப்பியைக் காய வைத்ததும் மூட்டையாக வியாபாரியிடம் கொடுத்து விடுகின்றனர். அதே காப்பி மலை இறங்கி, வறுபட்டு, பொட்டலமாகிக் கடைக்கு வரும்போது அதற்கு வேறு விலை.

முன்பு விவசாயிக்கு வேறு வழி இல்லை. விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த முறை 1990-களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முற்றிலும் நீங்கியது.

அதற்காக விளைச்சல் முழுவதையும் வறுக்க இறங்குவது ஆபத்து. பார்ச்மெண்ட் தோலுடன் நன்கு காய்ந்த காப்பி, ஈரம் படாத இடத்தில் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். வறுத்த கொட்டை சில வாரங்களிலேயே மணம் இழந்துவிடும். பொடி அதற்கும் முன்பே. முதல் ஆண்டில் ஒன்றிரண்டு மூட்டைகளை மட்டும் ஒதுக்கிக் கொண்டு, மற்றதை வழக்கம்போல் விற்றுக் கூலியையும் உரக்கடனையும் அடைத்து விடுவதே நல்லது. ஒதுக்கிய மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். பக்கத்தில் உரமோ, மண்ணெண்ணெயோ, மிளகோ இருக்கக் கூடாது. காப்பி எந்த வாடையையும் இழுத்துக் கொள்ளும்.

காய வைப்பதில் கவனம்

கீழ்ப்பழனியில் பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழியில் மூடுபனியும் தூறலும் உண்டு. சரியாகக் காயாமல் பூசணம் பிடித்த கொட்டையை எப்படி வறுத்தாலும் அந்த வாடை போகாது. செம்பழமாகப் பார்த்துப் பறித்து, தண்ணீரில் மிதப்பதை நீக்கி, மாலையில் மூடி வைத்து, ஈரம் சுமார் 10 சதவீதம் ஆகும் வரை காய வைக்க வேண்டும். தோல் நீக்கிய பிறகு கறுப்புக் கொட்டை, துளைப்பான் குடைந்தது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி விட வேண்டும். பெரியதையும் சிறியதையும் கலந்து வறுத்தால், பெரியது வேகும் முன் சிறியது கருகிவிடும்.

வறுத்தல்

தொடக்கத்தில் ஒன்றிரண்டு கிலோ கொள்ளும், கையால் சுற்றும் உருளை போதும். கேஸ் அடுப்பிலும் கரி அடுப்பிலும் வறுக்கலாம். சுற்றுவதை நிறுத்தக் கூடாது. பச்சை நிறம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். சுமார் 200 டிகிரி சென்டிகிரேடில் கொட்டை படபடவென்று வெடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் இறக்கினால் பில்டர் காப்பிக்கு ஏற்ற பதம் கிடைக்கும். எண்ணெய் மினுக்கும் அளவுக்கு விட்டால் கசப்பு ஏறும். இறக்கியதும் அகன்ற சல்லடையில் பரப்பி விசிறி விட வேண்டும். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே மேலும் கருகும். எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளிப்பவர்கள் வாடிக்கையாளரை இழப்பார்கள். வறுக்கும்போது உதிரும் சருகுத் தோல் எளிதில் தீப்பற்றும். கூரைக்கு அடியில் இந்த வேலை வேண்டாம்.

வறுத்த கொட்டையிலிருந்து ஒரு நாள் வரை வாயு நிறையவே வெளிவரும். உடனே இறுக்கிக் கட்டினால் பொட்டலம் உப்பிவிடும். வறுக்கும் வாசனை தெருவெல்லாம் வீசுவது நல்ல விளம்பரம்தான். அது பொட்டலத்திலும் மிச்சம் இருக்க வேண்டும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை, கேட்டவர்களுக்கு மட்டும் வறுத்து, கொடுக்கும் நாளில் அரைப்பது உத்தமம்.

பலர் நஷ்டப்படுவது விலை போடுவதில்தான். 10 கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் சுமார் எட்டரைக் கிலோதான் தேறும். பச்சைக் கொட்டை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், வறுத்த கொட்டையின் அடக்கம் 470 ரூபாய் ஆகிவிடுகிறது. இதில் எரிபொருள், பை, கூலி எதுவும் சேரவில்லை. பொறுக்கித் தள்ளிய கழிவுக் கொட்டையையும் வீட்டாரின் உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கணக்குப் போட்ட பின் வியாபாரி தரும் விலையே மேல் என்று தெரிந்தால், அந்த ஆண்டு வறுக்காமல் விற்றுவிடலாம்.

சிக்கரி கலந்து விற்பதானால், காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது சட்டம். சிறு அளவில் விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பயிரிலும் பதப்படுத்துவதிலும் எழும் சந்தேகங்களுக்குத் தாண்டிக்குடியில் உள்ள காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.