தூக்கத் தகுந்த தேன் பெட்டி

தேனீ வளர்ப்பு உழவருக்கு ஏற்ற உபதொழில் என்பதை நம் வாசகர்கள் நன்கறிவர். அதற்குச் சொந்த நிலம் வேண்டியதில்லை. தேனுடன், தோட்டப் பயிர்களுக்கு மகரந்தச் சேர்க்கையும் கிட்டுகிறது. ஆயினும், ஆர்வத்துடன் இத்தொழிலைத் தொடங்கிய சிலர் நாளடைவில் அதைக் கைவிடுவதற்குரிய காரணங்களுள் ஒன்று பலருடைய கவனத்திற்கு வருவதில்லை. அது பெட்டியின் பாரமேயாகும்.

சென்ற ஆண்டு நாம் ஒரு கிராமத்தைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் தம் பெட்டிகளை விற்றுவிடப் போவதாகக் கூறினார். “தேனீ கொட்டினால் பொறுத்துக்கொள்ளலாம், ஐயா. இடுப்பு பிடித்துக்கொண்டால் பத்து நாள் படுக்கை” என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய அனுபவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பாரத்தின் கணக்கு

இந்தியத் தேனீக்களை வளர்ப்போருக்கு இச்சிரமம் பெரிதும் இல்லை. 1910-களில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன் அத்தேனீக்களுக்கென அமைத்த பெட்டி சிறியது. தேன் நிறைந்த மேலறையையும் ஒருவரே எளிதில் எடுத்துவிடலாம். இத்தாலியத் தேனீக்களை வளர்ப்போரின் நிலை வேறு. அவர்கள் பயன்படுத்தும் பெட்டி, அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் 1852-இல் காப்புரிமை பெற்ற அமைப்பைத் தழுவியது. பத்துச் சட்டங்கள் கொண்ட அதன் முழு உயர அறை ஏறத்தாழ 9½ அங்குல உயரமுள்ளது. தேன் தண்ணீரைவிடச் சுமார் 1.4 மடங்கு கனமானது. ஆகவே, தேன் நிரம்பிய அத்தகைய அறை 35 முதல் 40 கிலோ வரை எடையுள்ளதாகிறது.

இது ஓர் அரிசிச் சிப்பத்தினும் மிகுந்த பாரம். சிப்பத்தையேனும் தோளில் ஏற்றிக்கொள்ளலாம். தேன் அறையையோ சாய்க்காமல், குலுக்காமல், இரு கைகளாலும் ஏந்தி இறக்க வேண்டும். பாரம் தாங்காது தடாலென வைத்தால் தேனீக்கள் நசுங்கும். மற்றவை சினந்து கொட்டும்.

இருவகைத் தீர்வு

முதலாவது, தேன் சேர்க்கும் அறைகளுக்கு மட்டும் ஏறத்தாழ 6⅝ அங்குல உயரமுள்ள நடுத்தர அறைகளை அமைத்துக்கொள்வது. இவை நிரம்பினாலும் எடை 25 முதல் 27 கிலோவுக்குள் அடங்கும். நீள அகலம் மாறாததால் பழைய அடிப்பலகையும் மூடியும் இவற்றிற்குப் பொருந்தும்.

இரண்டாவது, எட்டுச் சட்டங்கள் மட்டும் கொள்ளும் நடுத்தர அறை. இதன் நிறையெடை 20 முதல் 22 கிலோ. ஆனால் அகலம் குறைவதால் அடிப்பலகை, மூடி யாவும் புதிதாக வேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கும் பெண்களுக்கும் இது மிகவும் உகந்தது.

சிறிய அறையால் தேன் குறையுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தேனின் அளவைப் பூக்களும் பருவமும் கூட்டத்தின் பலமும் தீர்மானிக்கின்றன. ஓர் அறை நிரம்பும் தறுவாயில் அடுத்ததை ஏற்றினால் போதும்.

மாற்றும் முறை

முதற் பருவத்தில் தேன் அறைகளை மட்டும் மாற்றுவது நலம். புழு அறையையும் மாற்ற விரும்புவோர், பூக்காலத் தொடக்கத்தில் பழைய புழு அறையின்மேல் மெழுகுத் தாள் பொருத்திய சட்டங்களுடன் நடுத்தர அறையை வைக்கவேண்டும். தேனீக்கள் அடை கட்டி, ராணி மேலேறி முட்டையிடத் தொடங்கியதும், ராணி மேலே இருப்பதை உறுதிசெய்துகொண்டு, இடையில் ராணித் தடுப்புத் தகட்டை வைக்கவேண்டும். முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர 21 நாட்களும் ஆண் தேனீ வெளிவர 24 நாட்களும் ஆகும். 25 நாட்களுக்குப் பின் கீழறையில் புழு இராது. அதை அகற்றிவிட்டு, இன்னொரு நடுத்தர அறையைச் சேர்க்கலாம்.

செலவையும் மறைக்காமல் கூறவேண்டும். இரண்டு முழு உயர அறைகளின் இடத்தில் மூன்று நடுத்தர அறைகளும், இருபது சட்டங்களுக்குப் பதில் முப்பதும் வேண்டும். உடனே செலவிட இயலாதவர்கள், வெற்றுப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றி எடுக்கலாம். பெட்டியை ஒன்றரை அடி உயரத் தாங்கியில் வைத்தால் குனியும் சிரமமும் குறையும்.

பஞ்சாயத்தின் பங்கு

ஓர் ஊரில் எல்லோருடைய பெட்டிகளும் ஒரே அளவினவாக இருந்தால்தான் சட்டங்களைக் கைமாற்றிக்கொள்ள முடியும். எனவே முறையான மாதிரிப் பெட்டி ஒன்றைப் பஞ்சாயத்து வாங்கித் தச்சரிடம் தருவது நன்று. தேனீக்கள் நடமாட விடும் இடைவெளி கால் அங்குலத்திற்கும் ⅜ அங்குலத்திற்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். குறைந்தால் பிசினால் ஒட்டிவிடும், மிகுந்தால் அங்கே அடை கட்டிவிடும்.

மகளிர் குழுக்களுக்குப் பெட்டி வாங்குமுன் எளிய சோதனை ஒன்று செய்யலாம். முழு உயர அறையில் மணலிட்டு 35 கிலோ எடையாக்கி, நாளை அதைத் தூக்கப்போகும் பெண்மணியையே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த அளவு வேண்டும் என்பதை அவரே கூறிவிடுவார்.

மேலே சொன்ன பெரியவர் பெட்டிகளை விற்கவில்லை. தேன் அறைகளை மட்டும் நடுத்தர அளவிற்கு மாற்றிக்கொண்டு, இப்பருவத்திலும் தம் கையாலேயே தேன் எடுத்தார். கருவி உழைப்பவரின் உடலுக்கு இசைந்திருந்தால் தொழில் நிலைக்கும். அடுத்த பூக்காலம் வருமுன் தம் ஊரின் தேன் பெட்டிகளை இந்நோக்குடன் ஒருமுறை பார்வையிடுமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.