ஸ்கொலஷிப் பரீட்சை: யாருக்குத் தேவை, வீட்டில் எவ்வளவு போதும்?

2024 செப்டெம்பர் 15ஆம் திகதி இலங்கையில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். முதலாம் வினாத்தாளில் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டன என்ற செய்தி உடனே பரவியது. விடைத்தாள் திருத்தும் வேலை நின்றது. மறுபரீட்சை வேண்டும் என்றார்கள் சில பெற்றோர். பிள்ளைகளை இன்னொரு தடவை வதைக்க வேண்டாம் என்றார்கள் வேறு சிலர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த மூன்று கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குமாறு டிசம்பர் 31ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பெறுபேறு கைக்குக் கிடைத்தபோது 2025 ஜனவரி முடியும் தறுவாய்.

மூன்று கேள்விகளுக்கு இத்தனை அமளி என்றால், இந்தப் பரீட்சைக்கு நம் வீடுகளில் எவ்வளவு பெரிய இடம் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பது விளங்கும்.

அது எதற்காக வந்த பரீட்சை என்பதுதான் மறந்துபோயிற்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில், நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்களின் வாசலையே மிதிக்க முடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்காக மத்திய மகா வித்தியாலயங்கள் திறக்கப்பட்டன. கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, இலவசமாகப் படிப்பிப்பது நோக்கம். கிழக்கில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் அப்படி உருவானதுதான். இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குவது அந்த வளாகத்தில்.

இன்றைக்கு இந்தப் பரீட்சையால் கிடைப்பவை இரண்டு. ஒன்று, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாந்த உதவிப்பணம். 750 ரூபாவாக இருந்த இந்தத் தொகையை 2025 வரவுசெலவுத் திட்டம் 1,500 ரூபாவாக உயர்த்தியது. மற்றது, தரம் 6இல் வேறொரு பாடசாலைக்குப் போகும் வாய்ப்பு. இந்த இரண்டும் தேவைப்படாத பிள்ளைக்கு ஸ்கொலஷிப் ஒரு சாதாரணப் பரீட்சைதான். அதை எழுதியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே எந்த ரியூஷன் நல்லது என்று விசாரிக்கும் முன், பிள்ளை படிக்கும் பாடசாலையில் எந்த வகுப்பு வரை இருக்கிறது என்று பெற்றோர் பார்க்கவேண்டும். க.பொ.த. உயர்தரம் வரை உள்ள நல்ல பாடசாலையில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளையை, தரம் 3இலிருந்தே மாதிரி வினாத்தாளோடு மல்லுக்கட்ட வைப்பதில் அர்த்தமில்லை. தரம் 5 உடன் முடிந்துவிடும் தோட்டப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையின் கதை வேறு. அந்தப் பிள்ளைக்கு இந்தப் பரீட்சை மெய்யாகவே ஒரு வழி. கவனமும் உழைப்பும் அங்கேதான் சேரவேண்டும்.

உதவிப்பணத்துக்குத் தகுதிபெற எடுக்கவேண்டிய ஆகக்குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். 2024இல் அதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர். அதே பரீட்சையில் 200க்கு 70 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களோ அதைவிடப் பல மடங்கு. உதவிப்பணத்துக்கான இடங்கள் மட்டானவை என்பதால்தான் பெரும்பான்மைப் பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே நிற்கிறார்கள். அதைத் தோல்வி என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது பெரியவர்கள்.

சரி, எழுதுவது என்று முடிவாகிவிட்டது. வீட்டில் என்ன செய்யலாம்?

வினாத்தாள் இரண்டு. முதலாவது பெரும்பாலும் நுண்ணறிவு. 40 கேள்விகள், ஒரு மணித்தியாலம். இரண்டாவதில் தாய்மொழி, கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், இரண்டாம் மொழி எல்லாம் வரும். ஒரு மணியும் பதினைந்து நிமிடமும். இரண்டிலும் பிள்ளைகள் சறுக்கும் பொதுவான இடம் ஒன்றுதான்: கேள்வியை முழுதாக வாசிக்காமல் விடை எழுதுவது. ‘பொருந்தாதது எது’ என்ற கேள்விக்குப் பொருந்துவதைத் தெரிவுசெய்வார்கள். மீதி எவ்வளவு என்று கேட்டால் செலவைக் கூட்டி எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவுவார்கள். இதற்கு மருந்து நூறாவது மாதிரி வினாத்தாள் அல்ல, வாசிப்பு. நாளுக்கு இருபது நிமிடம் ஒரு கதையோ பத்திரிகைத் துணுக்கோ உரத்து வாசிக்கவைத்து, ‘இப்ப என்ன வாசிச்சனீங்கள், சொல்லுங்கோ’ என்று கேட்டால் போதும். படிப்பறிவு குறைந்த அம்மாவும் இதைச் செய்யலாம். பிள்ளை சொல்வதைக் கேட்க யாருக்கும் சான்றிதழ் தேவையில்லை.

கடந்தகால வினாத்தாள்கள் நல்லவை. ஆனால் கிழமைக்கு ஒன்று போதும், மணிக்கூட்டை வைத்துச் செய்யவேண்டும். செய்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பிழைத்த கேள்விகளை ஒரு தனிக் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றும் ஏன் பிழைத்தது என்று பிள்ளையையே சொல்லவிடுங்கள். தெரியாமல் பிழைத்ததா, அவசரத்தில் பிழைத்ததா, கேள்வியைத் தப்பாக விளங்கியதா? தெரியாததை மட்டும் படிப்பிக்கவேண்டும். மூன்று நாள் கழித்து அதே கேள்வியைத் திரும்பச் செய்யவிட்டால் மனதில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கணிதத்துக்குக் கடைச் சிட்டையும் பஸ் நேர அட்டவணையும் எந்த வழிகாட்டிப் புத்தகத்துக்கும் குறைந்தவை அல்ல. சுற்றாடலுக்கு வளவிலே நிற்கும் மரங்களின் பெயரிலிருந்து தொடங்கலாம்.

இந்த வயதுப் பிள்ளைக்கு இரவில் ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். விடிய நாலு மணிக்கு எழுப்பிப் படிப்பிப்பதும் இரவு பத்து மணி வரை இருத்திவைப்பதும் படித்ததை அழிக்கும் வழிகள். காரணமில்லாத வயிற்றுவலி, பாடசாலைக்குப் போக அழுகை, நகம் கடித்தல், திடீரென்று படுக்கை நனைதல் ஆகியவற்றை ‘சாட்டு’ என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இனி உரிமைகள். ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆம் உறுப்புரையைப் படித்துப் பாருங்கள். பாடசாலையில் அடிப்பதற்கு எதிராகக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை இருக்கிறது. ‘புள்ளி குறைஞ்சால் அடிப்போம், பெற்றோரும் அதைத்தான் கேக்கினம்’ என்று சொல்லும் வகுப்பு எதுவாக இருந்தாலும், பெற்றோரின் சம்மதம் அடியை நியாயமாக்காது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். பிள்ளையே அழைத்தாலும் எடுப்பார்கள்.

பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன், பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கும் நள்ளிரவு தொடக்கம் பரீட்சை முடியும்வரை, ரியூஷன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாம் தடை. 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் இதற்குப் பின்னால் நிற்கிறது. ‘இதுதான் வரப்போகுது’ என்று கடைசி நாட்களில் வட்ஸ்அப் குழுவில் தாள் வந்தால் அதைப் பிள்ளைக்குக் கொடுக்காமல், மற்றவர்களுக்கும் அனுப்பாமல், படம்பிடித்து வைத்துக்கொண்டு திணைக்களத்தின் 1911க்கோ பொலிஸின் 119க்கோ சொல்லவேண்டும். 2024 அனுபவத்துக்குப் பிறகும் ‘எல்லாரும்தானே பார்க்கினம்’ என்பது சாக்காகாது. அப்படிப் பார்த்ததால்தான் பார்க்காத பிள்ளைகளும் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

பார்வை, கேட்டல், எழுதுவதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் உண்டு. பரீட்சைக் கிழமையில் கேட்டுப் பயனில்லை. விண்ணப்பம் அனுப்பும் காலத்திலேயே அதிபரிடம் சொல்லிவைக்க வேண்டும். புள்ளியில் சந்தேகம் இருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கிடைப்பது பெறுபேறு வந்த பிறகு சில நாட்களே. 2024 பரீட்சைக்கு இரண்டு கிழமை கூட இல்லை. அரச அதிகாரி ஒருவரின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம், தொலைபேசி 1996.

பெறுபேறு வரும் நாளில் பிள்ளையின் புள்ளியை முகநூலில் போடவேண்டாம். கூடினாலும் வேண்டாம், குறைந்தாலும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே நாளில்தான் பெறுபேறு வருகிறது.