இலக்கியத்தில் அதிகாரமும் தோட்டத்துப் பாடல்களும்

அதிகாரம் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. குறையுற்றோர் குரல் அதன் செவிக்கு எட்டுகின்றதா என்பதைக் கொண்டே அதனைச் செங்கோல் என்றோ கொடுங்கோல் என்றோ துணிதல் வேண்டும். திருவள்ளுவர் செங்கோன்மையை 55ஆம் அதிகாரத்திலும் கொடுங்கோன்மையை 56ஆம் அதிகாரத்திலும் அடுத்தடுத்து வைத்தமை ஈண்டு நோக்கற்பாலது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது கோவலனைக் கொல்வித்தான். அது பெரும் பிழையே. ஆயினும் கண்ணகிக்கு அரண்மனை வாயில் திறந்தது. சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டதும் மன்னன் தன் குற்றத்தைத் தானே உணர்ந்து உயிர் நீத்தான்.

அத்தகைய வாயில் இல்லாத இடத்தில் எளியோர் யாது செய்வர்? இதற்கு விடை காண, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நோக்குவோம். முற்காலத்தில் தமிழகத்திலிருந்து ஆட்களை அழைத்து வந்தவரும், அவர்க்குக் கடன் கொடுத்தவரும், வேலை வாங்கியவரும் பெரிய கங்காணியே. மொழியறியா நாட்டில் அவர் துணையாகவும் விளங்கினார் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அவரால் இடர் நேர்ந்தபோது, முறையிட வேண்டிய இடமும் அவரே ஆயினார். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே அவரும் கணக்கப்பிள்ளையும் நின்றனர். கடன்தொகை குறித்த ‘துண்டு’ இன்றி வேறு தோட்டம் புகுதலும் அரிதாயிற்று. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

முறையிட இடமற்றோர் பாட்டில் முறையிட்டனர். பிரட்டுக்களத்தில் அஞ்சி அடங்கிய சொல் கொழுந்து மலையில் ஏளனமாகவும் ஏக்கமாகவும் எழுந்தது. கங்காணியின் கடுமையும், முழுநாள் உழைப்பை ‘அரைப்பேர்’ எனக் குறித்த கொடுமையும் அப்பாடல்களிற் பதிந்துள்ளன. கண்ணகியின் வழக்கை இளங்கோவடிகள் எழுதினார். ஈண்டோ வழக்காடியோரே புலவரும் ஆயினர். இவ்வகைப் பாடல்களைத் தேடித் தொகுத்தோருள் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) முதன்மையானவர்.

மன்னர் கதையை மட்டும் கற்கும் மாணவன், அதிகாரம் அரியணையில் மட்டுமே உள்ளது என்று எண்ணிவிடுவான். பெயர் பதியும் ஏட்டிலும், நிறுக்கும் தராசிலும் அது உண்டென்பதைத் தோட்டத்துப் பாடல்களே கற்பிக்கின்றன. அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் அருகி வருகின்றனர். லயங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர், தம் பாட்டியர் பாடுவனவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பாடல் மறையின், அவர்தம் வழக்கும் கேட்பாரின்றி மறையும்.