எவ்வளவு ரத்தம் போனால் அதிகம்?

கேரளம் 2017இல் ஷீ பேட் திட்டத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பெண்களுக்குப் பள்ளியிலேயே நாப்கின் கிடைக்க வழி பிறந்தது. 2023 ஜனவரியில் மாநிலப் பல்கலைக்கழக மாணவிகளுக்கு மாதவிடாய்க்காக வருகைப்பதிவில் சலுகை வந்தது. 75 விழுக்காடு 73 ஆனது. இரண்டும் துணிச்சலான முடிவுகள். ஆனால் நாப்கினைக் கையில் கொடுக்கும்போதே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: எவ்வளவு ரத்தம் போனால் அது அதிகம் என்பது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) கேரளத்தில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் 93 விழுக்காட்டினர் மாதவிடாயின்போது சுகாதாரமான முறைகளைக் கையாள்கிறார்கள். அதே ஆய்வில், 15–19 வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு ரத்தசோகை. நாடு முழுவதற்குமான 59 விழுக்காட்டைப் பார்க்கக் கேரளம் எவ்வளவோ மேல்தான். ரத்தசோகைக்கு உணவுக் குறை தொடங்கிப் பல காரணங்கள் உண்டு. அதிக உதிரப்போக்கும் அவற்றில் ஒன்று. யாராவது கேட்டால் மட்டுமே வெளியே வரும் காரணம் அது. பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை சேர்ப்பதையெல்லாம் மாதாமாதம் உதிரம் கொண்டுபோய்விட்டால், மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

அதிக உதிரப்போக்கை உண்டாக்கும் கர்ப்பப்பை நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, முப்பது நாற்பது வயதுக்காரர்களின் பிரச்சினை, பள்ளிச் சிறுமிகளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்பார்கள். பதின்வயதில் அது அரிது என்பது உண்மை. அந்த வயதில் அதிகமாக ரத்தம் போனால், கருமுட்டை வெளிப்படும் சுழற்சி இன்னும் சீராகாதது பெரும்பாலும் காரணமாக இருக்கும். சிலருக்கு வான் வில்பிராண்ட் போன்ற ரத்தம் உறையாக் குறைபாடு இருக்கலாம். அந்தக் குறைபாடு முதன்முதலில் தெரியவருவதே பல பெண்களுக்கு மாதவிடாயில்தான். ஆகவே கட்டி இல்லாவிட்டாலும் கவனிக்க வேண்டிய காரணம் இருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பதினான்கு வயதில் 'எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான்' என்று பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகியவள், முப்பத்தைந்தில் கட்டி வளரும்போதும் அதையேதான் சொல்லிக்கொள்வாள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களால் வளரும் அந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் உடலில் ரத்தம் வற்றிய பிறகு மருத்துவமனைக்கு வந்தால் சிகிச்சைக்கான வழிகள் குறைந்துபோகின்றன.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. விழிப்புணர்வு என்ற பெயரில் ஸ்கேன் மையங்களுக்கும் தேவையற்ற அறுவைகளுக்கும் ஆள் சேர்க்கிறோமா? அச்சம் வீணானதல்ல, தேவையின்றிக் கர்ப்பப்பையை அகற்றும் வழக்கத்தைத் தடுக்க 2023இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. ஆனால் அங்கே ஏமாந்தவர்கள் தங்கள் உடலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தராத பெண்கள். மாத்திரை, ஹார்மோன் வெளியிடும் கருத்தடைச் சாதனம், கட்டியை மட்டும் நீக்கும் அறுவை என்று வழிகள் உண்டெனத் தெரிந்தவள் 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்' என்றதும் தலையாட்ட மாட்டாள்.

வகுப்பறையில் இதைச் சொல்லலாமா என்ற தயக்கத்துக்கும் இனி இடமில்லை. பாலியல் வன்முறைத் தடுப்புக் கல்வியைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. உடலைப் பற்றிப் பேச வகுப்பறை ஏற்ற இடம் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான். ஏழு நாளைத் தாண்டினால், மணிக்கொரு நாப்கின் நனைந்தால், பெரிய கட்டிகளாக ரத்தம் வந்தால், படியேறும்போது மூச்சு வாங்கினால் வீட்டில் சொல்ல வேண்டும். தேதியையும் மாற்றிய நாப்கின்களையும் மூன்று மாதம் குறித்துவைத்த ஒரு தாளோடு திருவனந்தபுரத்திலுள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அவள் போனால், மருத்துவர் ஹீமோகுளோபின் பரிசோதனையிலிருந்து தொடங்கலாம்; ஸ்கேன் வேண்டுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.