ரூ.700 ஹோஸ், ரூ.41,000 பில்: கார் கூலிங் சிஸ்டம் எனக்குக் கத்துக்கொடுத்த பாடம்

கார் லோன் வீடியோவுல இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ் மூணையும் கூட்டிப் பார்த்தோம். "மெயின்டனன்ஸை ஏன் விட்டீங்க?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. அதுல நான் சொந்தமா சூடு பட்ட ஒரு விஷயத்தை இன்னைக்குச் சொல்றேன்: ரேடியேட்டரும் கூலண்டும்.

என்ன நடந்துச்சு?

பொங்கல் லீவு முடிஞ்சு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஹேட்ச்பேக்ல சென்னை திரும்பிட்டு இருந்தேன். செங்கல்பட்டு தாண்டும்போது ஏசி காத்து சூடா வர ஆரம்பிச்சது. கொஞ்ச நேரத்துல டேஷ்போர்டுல சிவப்பு டெம்பரேச்சர் லைட். பரனூர் டோல்ல வண்டிகள் நகரவே இல்ல. "இன்னும் கொஞ்ச தூரம்தானே, மெக்கானிக் கடை வந்துடும்"னு ஓட்டினேன். 8 கிலோமீட்டர் போனதும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல இன்ஜின் நின்னுடுச்சு.

பில் இதுதான்:

- டோயிங்: ரூ.3,000
- ஹெட் ஃபேசிங், வால்வு வேலை: ரூ.9,000
- கேஸ்கெட் செட்: ரூ.7,500
- வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்: ரூ.6,500
- ஆயில், ஃபில்டர், கூலண்ட்: ரூ.5,000
- லேபர்: ரூ.10,000
- மொத்தம்: ரூ.41,000

எல்லாத்துக்கும் காரணம், விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸ். லேபரோட சேர்த்து ரூ.700 வேலை. ரெண்டு வாரம் முன்னாடியே பார்க்கிங்ல பச்சையா சொட்டு விழுந்திருந்தது. ஏசி தண்ணின்னு நினைச்சு விட்டுட்டேன். மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "தம்பி, வண்டி அப்பவே சொல்லியிருக்கு. நீங்கதான் கேக்கல."

சிவப்பு லைட் வந்த இடத்துலயே நிறுத்தியிருந்தா டோயிங், ஹோஸ், கூலண்ட் எல்லாம் சேர்த்து ரூ.5,000-ல முடிஞ்சிருக்கும். மீதி ரூ.36,000 அந்த 8 கிலோமீட்டருக்கு நான் கொடுத்த விலை. கிலோமீட்டருக்கு ரூ.4,500! எமர்ஜென்சி ஃபண்ட்ல அப்போ ரூ.15,000தான் இருந்தது. மீதியை கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல போட்டு, எஸ்ஐபி-யை 4 மாசம் நிறுத்தினேன்.

கூலிங் சிஸ்டம் எப்படி வேலை செய்யுது?

இன்ஜின் சூட்டைக் கூலண்ட் வாங்கிக்கும். வாட்டர் பம்ப் அதைச் சுத்த விடும். இன்ஜின் சூடானதும் (பல கார்கள்ல 80 முதல் 90 டிகிரி செல்சியஸ்ல) தெர்மோஸ்டாட் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு அனுப்பும். அங்க காத்துல சூடு இறங்கும். வண்டி மெதுவா போகும்போது காத்து பத்தாதுன்னு ஃபேன் ஓடும்.

கூலண்டுக்குப் பதிலா போர் தண்ணி ஊத்தினா என்ன? நம்ம ஊர் போர் தண்ணில வாளில வெள்ளையா படியும் இல்லையா, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். துருவும் பிடிக்கும். கூலண்ட்ல துருவைத் தடுக்கிற கெமிக்கல் இருக்கு, கொதிநிலையும் தண்ணியைவிட அதிகம்.

வீட்டிலேயே 2 நிமிஷ செக்

வாரம் ஒரு தடவை, காலையில இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது:

- ரிசர்வ் டேங்க்ல கூலண்ட் மினிமம், மேக்ஸிமம் கோடுகளுக்கு நடுவுல இருக்கான்னு பாருங்க. அடிக்கடி குறைஞ்சா எங்கயோ லீக்.
- தரையில் சொட்டு இருந்தா கவனிங்க. ஏசி தண்ணிக்கு நிறம், வாசனை இருக்காது. கூலண்ட் கலரா, வழுவழுன்னு இருக்கும், இனிப்பு வாசனை வரும். அது விஷம். குழந்தைகள், நாய்கள் கிட்ட போகாம உடனே கழுவி விடுங்க.
- ஹோஸ்ல விரிசலோ உப்பலோ இருக்கா, கிளிப் லூஸா இருக்கான்னு பாருங்க.

எந்தக் கூலண்ட், எத்தனை வருஷத்துல மாத்தணும்ங்கிறது ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கும். கலரைப் பார்த்து வாங்காதீங்க. ஒரே கலர்ல வேற வேற வகை வருது, கண்டபடி கலந்தா பிரச்சனை. கான்சன்ட்ரேட் வாங்கினா பாட்டில்ல சொன்ன அளவுல டிஸ்டில்ட் வாட்டர் கலக்கணும். ப்ரீமிக்ஸ்னா அப்படியே ஊத்தலாம்.

எந்த அறிகுறிக்கு என்ன காரணம்?

- டிராஃபிக்ல மட்டும் ஹீட் ஆகுது, ஹைவேல சரியாயிடுது: பெரும்பாலும் ஃபேன். முதல்ல ஃபியூஸ், ரிலே பாக்கச் சொல்லுங்க. சின்ன செலவுலயே முடியலாம்.
- ஹைவேலயும், மேடு ஏறும்போதும் ஹீட் ஆகுது: கூலண்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் அல்லது வாட்டர் பம்ப்.
- வெளியே லீக் தெரியல, ஆனா கூலண்ட் குறையுது: ரேடியேட்டர் மூடி வீக்கா இருக்கலாம். முன் சீட் மேட் ஈரமா இருந்தா ஹீட்டர் கோர்.
- சைலன்சர்ல விடாம வெள்ளைப் புகை, ஆயில் பால் காபி மாதிரி: ஹெட் கேஸ்கெட். இதுக்கப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க.

சிவப்பு லைட் வந்தா

ஏசியை ஆஃப் பண்ணுங்க. ஹீட்டரை ஃபுல்லா வைங்க, கொஞ்சம் சூட்டை அது வெளியே இழுக்கும். ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைங்க. ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே பிரஷர்ல இருக்கிற கூலண்ட் முகத்துல அடிச்சிடும். அரை மணி நேரத்துக்கு மேல ஆகி, நல்லா ஆறினதுக்கப்புறம்தான் லெவல் பாக்கணும். ரோட்டோரத்துல வேற வழியே இல்லன்னா குடிக்கிற தண்ணி ஊத்தலாம், ஆனா சூடான இன்ஜின்ல இல்ல. அப்புறம் மெக்கானிக்கிட்ட சொல்லி முழுசா ஃப்ளஷ் பண்ணிடுங்க.

இன்சூரன்ஸ் கொடுக்காதா?

பலரும் ஏமாறுற இடம் இது. நம்ம காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்து, திருட்டு மாதிரி விஷயங்களுக்குத்தான். மெக்கானிக்கல் பிரேக்டவுன், தேய்மானம் எல்லாம் அதுல வராது. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்தாலும், அது முக்கியமா மழைத்தண்ணி புகுறது, ஆயில் லீக் மாதிரி விஷயங்களுக்கு. கூலண்ட் இல்லாம ஓட்டினதுக்குப் பணம் வரும்னு நம்பாதீங்க, பாலிசி வார்த்தைகளைப் படிங்க. முன்பக்கம் லேசா இடிச்சு ரேடியேட்டர் உடைஞ்சாலும், அதோடயே ஓட்டி இன்ஜின் போனா அந்தச் செலவு க்ளெய்ம்ல சிக்கல்தான். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்தா டோயிங் செலவு மிச்சம்.

கடைசியா ஒரு கணக்கு

கூலண்ட் ஃப்ளஷ் ரூ.2,000, 3 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கோங்க. மாசம் ரூ.56 கூட வராது. நான் கொடுத்த ரூ.41,000-ல 61 வருஷம் கூலண்ட் மாத்தியிருக்கலாம்!

அதுக்காக ஒவ்வொரு சர்வீஸ்லயும் "ரேடியேட்டர் கிளீனிங்"னு பில்ல சேர்த்தா தலையாட்டாதீங்க. மேனுவலைக் காட்டி, "இப்போ தேவையா?"ன்னு கேளுங்க.

நான் இப்போ பண்றது: மாசம் ரூ.1,000 தனியா ஒரு ஆர்டி, காருக்கு மட்டும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடறதே இல்ல. நாளைக்குக் காலையில ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி பானட்டைத் திறந்து டேங்க் லெவல் பாருங்க. எவ்வளவு இருந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!