தக்கையும் உக்கும் பிளாஸ்ரிக்கும்

ஆய்கூடத்திற் கண்ணாடிக் குழாயின் வாயைத் தக்கையால் அடைத்த நாட்களைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். தமிழிலே தக்கை என்னுஞ் சொல் நெட்டியையுங் குறிக்கும்; தூண்டிலின் மிதப்பையுங் குறிக்கும். நாம் ஈண்டுக் கூறப்புகுவது போர்த்துக்கல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் தக்கை ஓக் மரத்தின் பட்டையைப் பற்றியதாகும்.

அம்மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மாத்திரம் உரிப்பர். முதலுரிப்புக்கு மரம் ஏறத்தாழ 25 ஆண்டு வளர்தல் வேண்டும். அதன்பின் 9 ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கலாம். மூன்றாம் உரிப்பிற் பெறும் பட்டையே போத்தல் அடைப்பானுக்குத் தகுதியுடையது. பாட்டன் நட்ட பனை பேரனுக்குப் பயன்படுமாறு போல என்க. 1665ஆம் ஆண்டில் ரொபேட் ஹூக் என்பார் நுணுக்குக்காட்டியிற் கண்டு, சிற்றறை என்னும் பொருள்படப் பெயரிட்டது இப்பட்டையின் கலங்களையே. அவ்வறைகள்தோறும் காற்று அடைபட்டிருத்தலின் தக்கை மிதக்கின்றது. வெப்பத்தையும் எளிதிற் கடத்தாது.

அடைப்பான் வெட்டியபின் எஞ்சுந் துண்டுந் தூளும் மிகப் பல. அவற்றை ஒன்றாக்கிப் பலகையோ பிறிதொரு பொருளோ செய்வதற்குப் பிணைப்பான் ஒன்று பெரும்பாலும் வேண்டப்படும். இடர்ப்பாடு தோன்றுவது இங்கேதான். தக்கை மரத்திற் பிறந்ததாயினும், பிணைப்பான் பெற்றோலியத்திற் பிறந்ததாயின் அக்கூட்டுப்பொருள் மண்ணோடு மண்ணாவதில்லை. ஆகவே, போர்த்துக்கல் நாட்டு மின்னோ பல்கலைக்கழக ஆய்வாளர் முதலியோர் தக்கைத் தூளை உக்கும் பிளாஸ்ரிக்குடன் உருக்கிச் சேர்த்து ஆராய்ந்தனர். கலவை இலேசாகின்றது, ஆயினும் இழுத்தால் தாங்கும் வலிமை பொதுவாகக் குறைகின்றது. இரண்டும் நன்கு பற்றிக்கொள்ளாமையே அதற்குக் காரணம்.

'உக்கும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். எங்கே, எத்துணைக் காலத்தில் என்பதை அது சொல்லாது, விற்போரும் சொல்வதில்லை! சோளம், கரும்பு ஆகியவற்றின் வெல்லத்தைப் புளிக்கவைத்துப் பெறும் பொலிலக்ரிக் அமிலம் ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள பெருங் கூட்டெருச் சாலையிற் சில மாதங்களில் உக்கிவிடும். அதனையே கொல்லையிற் புதைத்தாலும் கடலில் எறிந்தாலும் ஆண்டுகள் பல கிடக்கும். பற்றீரியாக்கள் தம் உடலிற் கொழுப்பைப்போற் சேமித்து வைக்கும் பிறிதோரினம் உண்டு. 1926இல் மொறிஸ் லெமுவான் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனை விளக்கினார். அது மண்ணிலும் கடல்நீரிலும் உக்கவல்லது, விலையோ அதிகம். தக்கை தானும் விரைந்து உக்குவதன்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இம்முயற்சி முற்றிலும் புதிதன்று. 1860களிலேயே இங்கிலாந்தில் பிரெடெரிக் வோல்ற்றன் என்பார், காற்றுப்பட்டு இறுகிய ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத் தூளைப் பிசைந்து, துணிமேற் பரப்பி, லினோலியம் என்னும் தரைவிரிப்பைச் செய்தார். பின்வந்த பிளாஸ்ரிக் விரிப்புகள் மலிவினால் அதனைப் பெரிதும் பின்தள்ளின. ஆயினும், ஆளிவிதை எண்ணெய் கொண்டே அது இன்றுஞ் செய்யப்படுகின்றது.