ஒரு வினாடியில் எவ்வளவு தூரம்?

பொங்கல் விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் நாளின் விடியற்காலையில், செங்கல்பட்டு நகரின் ஓரமாக ஜி.எஸ்.டி. சாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கொளவாய் ஏரியின்மேல் இன்னும் வெளிச்சம் பரவியிராது. தெற்கிலிருந்து விளக்குகளின் வரிசை முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும். பேருந்துகள், வேன்கள், கூரைமேல் அரிசி மூட்டையும் தேங்காயும் கட்டிய கார்கள் என எல்லாமே சென்னையை நோக்கி விரையும்.

அங்கிருந்து கிழக்கே, திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிச் சுமார் முப்பது கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். காணும் பொங்கலன்று அங்கே கால் வைக்க இடமிருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருபுறம் கடலுக்குப் போகும் குடும்பங்கள் சாலையைக் கடக்கும். மறுபுறம் காலியான சாலை கண்ட இடத்தில் வண்டிகள் பறக்கும்.

இந்த இரண்டு சாலைகளிலும் விடுமுறைக் காலத்தில் இரண்டு வெவ்வேறு ஆபத்துகள் காத்திருக்கின்றன. ஒன்று உறக்கம், மற்றொன்று வேகம். வெளிப்பார்வைக்கு இவை வேறுவேறாகத் தோன்றினாலும், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்குத்தான். ஒரு வினாடியில் வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்பதே அந்தக் கணக்கு.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். அதாவது நம் மாநிலத்தில் நாளொன்றுக்கு 49 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ 19 சதவீதத்தினர் நடந்து சென்றவர்கள். பத்துக்கு ஏழு இறப்புகளுக்குக் காரணமாகப் பதிவானது மிகை வேகம்.

“தலைவிதி” என்று நாம் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் இங்கே வேலை செய்யும் விதி, பள்ளிப் பாடப் புத்தகத்தில் நீங்கள் படித்த இயக்க விதிதான்.

பிரேக் போட்டால் வண்டி நின்றுவிடுமா?

பட்டிபுலம் பக்கம் ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு சிறுமி பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடி வருகிறாள். ஓட்டுநரின் கண் அவளைக் காண வேண்டும். மூளை அதை ஆபத்து என்று உணர வேண்டும். பிறகு கால் பிரேக்கை அழுத்த வேண்டும். இதற்கு ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்குச் சுமார் 17 மீட்டர். ஆகவே பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே கார் 25 மீட்டர் கடந்துவிடும்.

அதன்பின் டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு வண்டியை நிறுத்த வேண்டும். உலர்ந்த நல்ல சாலையில் இதற்கு மேலும் 20 மீட்டர் தேவை. ஆக மொத்தம் 45 மீட்டர். சிறுமி 45 மீட்டருக்குச் சற்று அப்பால் இருந்தால் பிழைத்துக்கொள்வாள்.

இப்போது ஒரு கேள்வி. அதே கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், முன்பு அது நின்ற அதே இடத்தில் இப்போது அதன் வேகம் என்னவாக இருக்கும்? அதிகப்படியாக இருந்தது இருபதுதானே, ஆகவே இருபது என்று சொல்லத் தோன்றும். விடை அதுவன்று. அந்த இடத்தில் காரின் வேகம் மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர்!

எப்படி என்று பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் உணர்ந்து செயல்படும் ஒன்றரை வினாடியிலேயே 33 மீட்டர் போய்விடுகிறது. பிரேக்குக்கு எஞ்சியிருப்பது 12 மீட்டர் மட்டுமே. ஆனால் முழுமையாக நிற்க அதற்குத் தேவையானது 35 மீட்டர். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். நிறுத்தத் தேவையான தூரமும் நான்கு மடங்காகும். கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் பிரேக் பிடிக்கவே இடமிருந்திராது. சிறுமி நிற்கும் இடத்தை அது 97 கிலோமீட்டர் வேகத்தில் கடந்திருக்கும்.

மோதலின் கொடுமையை மனத்தில் வாங்கிக்கொள்ள மாமல்லபுரத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கடற்கரைக் கோயிலின் பெரிய விமானம் ஏறத்தாழ 60 அடி உயரம். அதன் உச்சியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அடையும் வேகம் மணிக்குச் சுமார் 68 கிலோமீட்டர். நம் கணக்கில் சிறுமிமேல் மோதும் காரின் வேகமும் ஏறத்தாழ அதுவேதான். மோதும் வேகம் 50இலிருந்து 65 ஆக உயர்ந்தாலே, நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இவை உலர்ந்த சாலைக்கான கணக்குகள். தை மாதப் பனி படிந்த சாலையிலும், கடற்காற்று மணலை வாரி இறைத்த இடத்திலும் உராய்வு குறைந்து, நிற்கும் தூரம் இன்னும் நீளும்.

இத்தனை ஆபத்தையும் விலையாகக் கொடுத்து நாம் வாங்குவது என்ன? கோவளத்திலிருந்து மாமல்லபுரம் சுமார் 20 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 20 நிமிடம். 80இல் போனால் 15 நிமிடம். மிச்சமாவது ஐந்து நிமிடம்.

சாலையோரத்தில் இருப்பவர்கள்

வேகத்தின் விலையை ஓட்டுபவரே கொடுப்பார் என்றும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 27 அன்று மாமல்லபுரத்தை அடுத்த பண்டிதமேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்கள் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். சாலையில் வந்த கார் ஒன்று அவர்கள்மீது பாய்ந்தது. ஐவரும் இறந்தனர். அவர்கள் எங்கும் பயணம் போகவில்லை. தங்கள் ஊர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடற்கரைச் சாலை நமக்கு உல்லாசப் பாதையாக இருக்கலாம். அதன் இருபுறமும் வாழ்பவர்களுக்கு அது வீட்டு வாசல்.

விழித்திருக்கும் கண் உறங்கும்போது

இனி ஜி.எஸ்.டி. சாலைக்கு வருவோம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்று இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர் செங்கல்பட்டை அடையும்போது விடியற்காலை நான்கு, ஐந்து மணி. முந்திய நாள் காலை ஆறு மணிக்கு எழுந்தவரானால், அவர் கண் விழித்து 22 மணி நேரம் ஆகியிருக்கும். உறக்கத்தை ஆளும் உடல் கடிகாரம் மிகவும் தாழ்ந்திருப்பதும் அந்த விடியற்காலை நேரத்தில்தான். சென்னை இன்னும் 55 கிலோமீட்டர் என்றதும், “இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி என்ன?” என்ற எண்ணம் வேறு சேர்ந்துகொள்கிறது.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவர்களின் நிலைக்குத் தாழ்ந்திருந்தது. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு விதித்துள்ள வரம்போ 30 மில்லிகிராம்தான். ஒரு சொட்டு மதுவையும் தொடாத நல்ல மனிதர், உறக்கமின்மையால் குடித்தவருக்குச் சமமாகிவிடுகிறார். அவரை நிறுத்தி ஊதச் சொன்னால் கருவியில் ஒன்றும் தெரியாது.

களைத்த மூளை சில சமயம் தானாகவே மூன்று, நான்கு வினாடிகள் உறங்கிவிடும். உறங்கியவருக்கே அது தெரியாமற் போகலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 28 மீட்டர் போகிறது. நான்கு வினாடி என்றால் 110 மீட்டருக்கும் அதிகம். அவ்வளவு தூரமும் அந்த வண்டிக்கு ஓட்டுநர் இல்லை. பாட்டுப் போடுவதும் சன்னலைத் திறப்பதும் சிறிது நேரமே உதவும். உறக்கத்துக்கு மருந்து உறக்கம் ஒன்றுதான். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வது, வாழ்நாளையே காப்பாற்றக்கூடும்.

இரண்டு சென்டிமீட்டர் செய்யும் வேலை

தலைக்கவசம் எப்படி உயிர் காக்கிறது? அதன் கெட்டியான ஓட்டினால் மட்டும் அன்று. உள்ளே இருக்கும் நுரைப்பொருளால். தலை தரையில் நேரே மோதினால் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். நுரைப்பொருள் நசுங்கி அந்த தூரத்தைச் சில சென்டிமீட்டராக நீட்டுகிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால், தலை தாங்கும் சராசரி விசை பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவேதான் தலைக்கவசம் இறப்பை ஏறத்தாழ 40 சதவீதமும், தலைக்காயத்தை ஏறத்தாழ 70 சதவீதமும் குறைக்கிறது. வார் மாட்டாத தலைக்கவசம் விழும்போது முதலில் கழன்றுவிடும். கார் இருக்கைப் பட்டையும் இதே தத்துவத்தில்தான் பயன்படுகிறது. பின் இருக்கையில் அமர்பவருக்கும் அது தேவை.

விபத்து நடந்துவிட்டால்

குருதி வெளியேறும் மனிதருக்கு முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. 108 என்ற எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள். “போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே” என்ற அச்சமும் வேண்டாம். காயமடைந்தவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லாத ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டதும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மேல்மருவத்தூரில்தான்.

அடுத்த விடுமுறையில் நீங்கள் ஊருக்குப் போகும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். முன்னே செல்லும் வண்டி ஒரு மைல்கல்லையோ புளியமரத்தையோ கடக்கும்போது, ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். மூன்று சொல்லி முடிப்பதற்குள் உங்கள் வண்டியும் அதே இடத்தைக் கடந்துவிட்டால், இடைவெளி போதாது. ஓட்டுபவர் அப்பாவோ அண்ணனோ யாராயிருந்தாலும், பக்கத்து இருக்கையிலிருந்து அதைச் சொல்லுங்கள். “சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று அதட்டினால், 45 மீட்டர் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.